கழிக்குப் பட்டா உண்டா?

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தில் உள்ள மீனவர் ஊர் முகத்துவாரக்குப்பம். பள்ளியில் பிரெஞ்சில் படித்தவன் நான். முகத்துவாரத்துக்கு அந்த மொழியில் 'ஆம்பூஷூர்' என்று பெயர். 'பூஷ்' என்றால் வாய். வடமொழியிலும் 'முகம்' என்றால் வாய்தான். ஆற்றின் வாயில் அமர்ந்த ஊர் இது.

இந்த ஊருக்கு வயல் கிடையாது. கழிதான் வயல். ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் அந்த உவர்நீரில் இறால், நண்டு, மடவை விளையும். கடலுக்குப் போக முடியாத நாட்களில் கழிதான் சோறு போடும்.

1944-இல் பூண்டி அணை வந்தது. ஆற்றுநீரில் ஒரு பகுதி நகரத்தின் குடிநீரானது. 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம், 1990-களில் வடசென்னை அனல்மின் நிலையம், 2001-இல் எண்ணூர் துறைமுகம். சாம்பல் கரைசல் செல்லும் குழாய்கள் கசிந்து கழியில் சாம்பல் படிந்தது. ஆழம் குறைந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து படகிலும் வலையிலும் அப்பியது. மீனவர்களே வாளியால் அள்ளினார்கள்.

பாலஸ்தீனத்தில் ஜெருசலேம் அருகே லிஃப்தா என்றொரு விவசாயக் கிராமம். 1948-இல் அதன் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். கல் வீடுகள் சில இன்னும் நிற்கின்றன, ஊற்றும் இருக்கிறது, ஊரார் இல்லை. இங்கே நடந்தது வேறு. யாரையும் துரத்தவில்லை. ஊரார் இருக்கிறார்கள், அவர்களுடைய வயல்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது.

அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் என்பதால் எனக்கு இதில் ஒன்று உறுத்துகிறது. விவசாயி நிலத்தை எடுத்தால் பட்டாவைப் பார்த்து நோட்டீஸ் போகும், இழப்பீடு கணக்காகும். வலை வீசும் தண்ணீருக்குப் பட்டா இல்லை. ஆகவே அது தூர்ந்தாலும் யாருக்கும் நோட்டீஸ் இல்லை. எண்ணெய் வந்தபோது படகுக்கும் குடும்பத்துக்கும் நிவாரணம் அறிவித்தார்கள். இறால் வளரும் சேற்றுக்கு எந்தக் கணக்கும் இல்லை.

1991-இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, அலை ஏறி இறங்கும் கழிகளையும் தன் எல்லைக்குள் சேர்த்தது. அது போதவில்லை. எந்தெந்தக் குப்பத்தார் எங்கே வலை வீசிப் பிழைக்கிறார்கள் என்று வருவாய்ப் பதிவேட்டில் ஒரு பத்தி வேண்டும். பதிவேட்டில் ஏறாததை எடுத்துக்கொள்வது எளிது. முப்பது வருஷம் கோப்பு புரட்டியவன் சொல்கிறேன்.