பவனிக்கு முன் செல்லும் பித்தளைக் குழல் – ஒரு வரலாற்றுப் பார்வை

யூபிலி ஆண்டில் பங்கின் கடந்த காலத்தைத் திரும்பிப் பார்க்கும்போது ஆலயம், மணிக்கூண்டு, பள்ளிக்கூடம், பணியாற்றிய குருக்கள் என்று வரிசையாக நினைவுகூர்கிறோம். அது நம் கடமையே. ஆனால் திருவிழா இரவில் தேர் நகரும்போது அதற்கு முன்னே நடந்து செல்லும் பேண்டு வாத்தியக்காரர்களைப் பற்றி நாம் எழுதுவது அரிது. அவர்கள் கையிலுள்ள கார்னெட்டும் டிரம்பெட்டும் யூபோனியமும் நம் நாட்டிற்கு எவ்வாறு வந்தன? அவற்றை ஊதக் கற்றுக்கொடுத்தவர்கள் யார்? விடை தேடிப் புறப்பட்டால், நமது வாலாஜாபாத்தின் பழைய பாளையமும் அவ்வழியில் குறுக்கிடுகிறது.

பழைய எக்காளம்

உலோகக் குழலை ஊதி மக்களைக் கூட்டுவது புதிய வழக்கமன்று. வெள்ளித் தகட்டினால் இரண்டு எக்காளங்கள் செய்யும்படி மோயீசனுக்கு இறைவன் கட்டளையிட்டதை எண்ணாகமம் பத்தாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். சபையைக் கூட்டவும், பாளையம் பெயர்ந்து புறப்படவும் அவை ஊதப்பட்டன. நமது அண்டை நகராகிய காஞ்சியிலும் பெருமாள் புறப்பாட்டிற்கு முன் திருச்சின்னம் ஊதும் மரபு உண்டு. அதைக் குறித்து வேதாந்த தேசிகர் 'திருச்சின்னமாலை' என்று தனி நூலே பாடியிருக்கிறார். ஆகவே, பவனிக்கு முன் குழல் ஒலிப்பது இம்மண்ணுக்கு அந்நியமானது அன்று.

பாளையத்து பியூகிள்

ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய நமது ஊர், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கும்பினியாரின் படைகள் தங்கிய பாளையமாக விளங்கிற்று. 1794இல் திரட்டப்பட்ட சென்னைப் படைப்பிரிவு ஒன்று பின்னர் 'வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி' என்று நம் ஊரின் பெயரையே பெற்றது. லைட் இன்ஃபன்ட்ரி எனப்பட்ட இலகு காலாட்படையினர் பரவிநின்று போரிடுவர். அவர்களுக்குக் கட்டளைகள் பியூகிள் ஒலியால் அறிவிக்கப்பட்டன. அதனால் பியூகிளே அத்தகைய படைகளின் சின்னமும் ஆயிற்று. நமது ஊரின் பெயர் ஒரு பித்தளைக் குழலோடு இவ்வாறு இணைந்தது.

இங்கே இன்னொரு செய்தியையும் கவனிக்க வேண்டும். 1795இல் கும்பினி அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. தாய் தந்தை இருவருமே ஐரோப்பியராக இல்லாத ஆங்கிலோ இந்தியர், குழல் ஊதுவோர், டிரம் அடிப்போர், பேண்டு வாசிப்போர், குதிரைக்கு லாடம் கட்டுவோர் ஆகிய வேலைகளில் அன்றிப் படையில் சேரலாகாது என்பதே அது. உயர் பதவி மறுக்கப்பட்டவர்களுக்கு விடப்பட்ட வேலையாகவே பேண்டு இசை நம் நாட்டில் தொடங்கியது. அந்த நிழல் இன்றும் முழுதும் அகன்றுவிடவில்லை.

ஆயினும் இசைக்கு வேலி ஏது? கும்பினி பேண்டின் மெட்டுகளைச் சென்னையில் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர், அவற்றிற்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். 'நோட்டு சுவரம்' என்று இன்றும் குழந்தைகளுக்குக் கற்பிக்கப்படுபவை அவையே. தஞ்சையில் 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னரும் மேனாட்டு வாத்தியங்கள் கொண்ட பேண்டு ஒன்றை அரண்மனையில் வைத்துப் போற்றினார்.

மூன்று வால்வுகள்

பியூகிளில் ஓட்டையோ சாவியோ கிடையாது. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் எழுப்பக்கூடிய ஐந்து சுரங்களே அதன் கட்டளைகளுக்கு முதல். 1818இல் ஸ்டோல்செல், புளூமெல் என்ற இரு ஜெர்மானியர் பெர்லினில் வால்வுக்கு உரிமம் பெற்றனர். குழலின் நீளத்தை விரலால் மாற்றும் இந்த ஏற்பாடு வந்தபின் பித்தளைக் குழலில் எல்லாச் சுரங்களையும் வாசிக்க முடிந்தது. டிரம்பெட்டின் நடு வால்வை அழுத்தினால் அரைச் சுரம் தாழும். முதல் வால்வுக்கு ஒரு சுரம். மூன்றாவதற்கு ஒன்றரைச் சுரம். மூன்றையும் சேர்த்தும் பிரித்தும் ஏழு வகை நீளங்கள் கிடைக்கின்றன. அம்மூன்று விரல்களுக்குள் ஞானப்பாடல்கள் அனைத்தும் அடங்கிவிடுகின்றன!

வால்வு வந்ததும் பாடமும் தேவையாயிற்று. கட்டளை ஊதப் படை முகாமே கற்றுக்கொடுத்தது. பாட்டு வாசிக்கவோ, நோட்டு அறிந்த ஆசான் வேண்டும். படையில் கற்றவர்கள் வெளியே வந்து தொழில் தொடங்கினர். ஆங்கிலேயர் படையில் பேண்டு மாஸ்டராக இருந்த நாதிர் அலி 1885இல் மீரட்டில் தொடங்கிய நிறுவனம் பின்னாளில் வாத்தியங்கள் செய்வதில் பெயர்பெற்றது. இவ்வாறு முகாமைவிட்டு வெளிவந்த கலை, பேண்டு மாஸ்டர்களின் வீட்டுத் திண்ணைகளில் தனிப்பாடமாக வளர்ந்தது.

அப்பாடம் எளிதன்று. முதலில் குழலே இல்லாமல் உதட்டை அதிரச் செய்யப் பழக வேண்டும். அடுத்து மவுத்பீஸ் மட்டும். பிறகுதான் குழல் கைக்கு வரும். ஒரே சுரத்தை நடுக்கமின்றி நீட்டுவதே பல நாள் பாடம். கன்னத்தை ஊதலாகாது, மூச்சு அடிவயிற்றிலிருந்து எழ வேண்டும், உதடு களைத்தால் நிறுத்த வேண்டும். இவற்றைப் புத்தகம் சொல்லும். ஆனால் மாணவனின் உதட்டைப் பார்த்துத் திருத்த எதிரே ஓர் ஆசான் உட்கார்ந்திருக்க வேண்டும். அதனாலேயே இக்கலை இன்றளவும் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு என்ற முறையில் கைமாறி வருகிறது.

ஆலய வாசலில்

திருச்சபையில் இக்குழலின் இடம் எது? 1903 நவம்பர் 22, புனித செசிலியா திருநாளன்று, திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் திருஇசை பற்றி ஓர் ஆணை வெளியிட்டார். ஆலயத்தினுள் பேண்டு வாசிப்பதை அது தடுத்தது. வெளியே நடைபெறும் பவனிகளில், உலகியல் பாட்டுகளை வாசிக்காதிருந்தால், ஆயர் அனுமதி தரலாம் என்றது. பேண்டு வாசலுக்கு வெளியே நின்றது இவ்வாறுதான். 1963 டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, ஆர்கனுக்குச் சிறப்பிடம் தந்ததோடு, வழிபாட்டிற்குத் தகுதியான பிற வாத்தியங்களையும் உரிய அதிகாரிகளின் இசைவோடு ஏற்கலாம் என்று அறிவித்தது. கதவு திறந்தது.

கதவு திறந்தபின்னும் நம் மனம் திறந்ததா? தேருக்கு முன் பல மணி நேரம் ஊதியவர்களைத் திருவிழா விருந்தில் கடைசிப் பந்திக்குக் காத்திருக்க வைப்பது சரியா? பறையையும் மேளத்தையும் தொட்டவர்களை ஒதுக்கிய பழைய சாதிப் பழக்கம், பித்தளைக் குழலைத் தொட்டவர்கள் மீதும் படிந்திருக்கிறது. பிள்ளைகளைக் கீபோர்டு வகுப்பிற்குப் பெருமையோடு அனுப்பும் நாம், டிரம்பெட் என்றால் "பேண்டுக்காரன் வேலையா?" என்று தயங்குகிறோம். இத்தயக்கம் நீடித்தால், ஆசான் இருந்தும் மாணவன் இல்லாமல் இக்கலை ஒரு தலைமுறையில் அற்றுப்போகும். பின்பு பவனிக்கு முன் ஒலிபெருக்கிப் பெட்டி மட்டுமே செல்லும்.

யூபிலி நினைவாகப் பெரிய செலவு ஏதும் வேண்டியதில்லை. பங்கின் பெயரில் ஒரு கார்னெட் வாங்குவோம். அனுபவமுள்ள ஒரு பேண்டு மாஸ்டரை வாரம் ஒருமுறை அழைத்து, கணக்கு ஆசிரியருக்குத் தருவது போன்ற மரியாதையோடு ஊதியம் தருவோம். விருப்பமுள்ள சிறுவரையும் சிறுமியரையும், இன்னார் வீட்டுப் பிள்ளை என்ற வேற்றுமை பாராமல் சேர்ப்போம். அடுத்த யூபிலிப் பவனியில் நம் பிள்ளைகளே முன்னே நடந்து ஊதட்டும். அவர்களுக்குக் கற்பித்த ஆசானோ முதற்பந்தியில் நம்மோடு அமரட்டும். இறைவன் இம்முயற்சியை ஆசீர்வதிப்பாராக!