வாகூர், வில்லியனூர் வட்டாரத்தில் சிற்றரசர்களும் நிலமானிய முறையும்

புதுச்சேரியின் ஊரகக் கொம்யூன்களான வாகூரும் வில்லியனூரும் இடைக்காலத்தில் பல்லவ, சோழப் பேரரசுகளின் கீழும், அவற்றுக்கு அடங்கியும் அடங்காமலும் இருந்த சிற்றரசர்களின் பிடியிலும் மாறி மாறி இருந்த நிலப்பகுதிகள் ஆகும். தென்பெண்ணைக்கும் செஞ்சியாறு எனப்படும் சங்கராபரணிக்கும் இடைப்பட்ட வளமான நெல்வயல்களைக் கொண்டவை இவை. படை வைத்திருப்பவன் நிலத்தின் விளைச்சலில் பங்கு பெறுவதும், அதற்கு ஈடாக மேலே உள்ள அரசனுக்குப் போரில் துணை நிற்பதும் நிலமானிய முறையின் அடிப்படை. உலக வரலாற்றில் இம்முறைக்குச் சொல்லப்படும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டுகளுள் ஒன்று ஜப்பானின் சாமுராய் சமூகம். அதே கேள்விகளை வாகூர் வயல்களை வைத்தும் கேட்கலாம்.

வாகூர்ச் செப்பேடுகள்

1879ஆம் ஆண்டு புதுச்சேரியில் நீதிபதியாக இருந்த ஜூல் தெலாஃபோன் என்பவரால் வாகூரில் ஐந்து ஏடுகள் கொண்ட செப்பேட்டுத் தொகுதி கண்டெடுக்கப்பட்டது. அவை பின்னர் பாரிசு தேசிய நூலகத்துக்குச் சென்றன. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், அதாவது 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வெளியிடப்பட்ட இவை வடமொழியிலும் தமிழிலும் எழுதப்பட்டவை. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய மூன்று ஊர்கள் வாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்னும் கல்லூரிக்கு வித்யாபோகமாக அளிக்கப்பட்டதை இவை கூறுகின்றன.

இச்செப்பேடுகள் பெரும்பாலும் கல்வி வரலாற்றுக்கான சான்றாகவே பேசப்படுகின்றன. ஆனால் கொடை எவ்வாறு நிகழ்ந்தது என்பதே நிலமானிய முறையை அறிய விரும்புவோருக்கு முக்கியம். கொடையை வேண்டியவன் வேசாலிப் பேரரையன் எனப்பட்ட மார்த்தாண்டன் என்னும் சிற்றரசன். நிலைதாங்கி என்பது அவனது மற்றொரு பெயர். அவன் அரசனிடம் விண்ணப்பித்துக் கொள்கிறான், அரசன் ஆணையிடுகிறான், விடேல்விடுகு காடுபட்டித் தமிழப் பேரரையன் என்ற மற்றொரு பேரரையன் ஆணையை நிறைவேற்றும் ஆணத்தியாக இருக்கிறான். அரசனுக்கும் ஊருக்கும் நடுவே இரண்டு பேரரையர்கள் நிற்கிறார்கள். ஆணை நாட்டார் கைக்கு வந்த பின்னரே எல்லை நடந்து, கல்லும் கள்ளியும் நட்டு, கொடை நடைமுறைக்கு வருகிறது. சிற்றரசன் செல்வாக்குடையவனாக இருந்தும், தன் வட்டாரத்து ஊர்களைத் தானே எடுத்துக் கொடுத்துவிட முடியவில்லை.

ஜப்பானில் ஷோயென் எனப்பட்ட வரிவிலக்குப் பெற்ற பண்ணைகள் இதற்கு ஓரளவு இணையானவை. அவற்றுள் பல தோதாய்ஜி போன்ற பெரும் புத்த கோயில்களுக்கும் அரசவைப் பிரபுக்களுக்கும் உரியவை. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் மினமோட்டோ யோரிட்டோமோ காமகுராவில் ஷோகன் ஆட்சியை நிறுவியபோது, இப்பண்ணைகளில் ஜிட்டோ என்ற மேற்பார்வையாளர்களாகத் தம் வீரர்களை அமர்த்தினார். காலப்போக்கில் மேற்பார்வையாளரே நிலத்துக்கு உடையவர் போல ஆனார். தமிழகத்தில் பிரமதேயமும் தேவதானமும் பல நூற்றாண்டுகள் சபைகளின் கையிலேயே இருந்தன. காவல் என்ற பெயரில் வீரர்கள் உள்ளே நுழைந்தது பின்னரே.

தலைவனோடு மடியும் அறம்

பொ.ஆ. 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் கொல்லப்பட்டதும் தொண்டை மண்டலம் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் கைக்குப் போனது. கன்னரதேவன் என்ற பெயரில் அவனது கல்வெட்டுகள் வாகூர் மூலநாதர் கோயிலிலும் உள்ளன.

இப்போரை ஒட்டி ஒரு மனிதனின் கதை திருவொற்றியூர்க் கல்வெட்டில் பதிவாகியுள்ளது. கேரளத்தில் பிறந்து இராசாதித்தனுக்கு நெருக்கமாக இருந்த வல்லபன் என்பவர், போரில் தலைவனோடு தாமும் இறக்க முடியாமல் போனதை எண்ணி உலகைத் துறந்தார். சதுரானன பண்டிதர் என்ற பெயரில் திருவொற்றியூர் மடத்தின் தலைவரானார். 1184இல் இச்சினோதானிப் போரில் இளம் வீரன் ஒருவனைக் கொன்ற குமாகாய் நவோசானே என்ற சாமுராய், பின்னர் ஹோனென் அடிகளிடம் துறவு பூண்டது ஜப்பானியர் பலரும் அறிந்த கதை. அவரை வருத்தியது கொன்ற துயரம். வல்லபனை வருத்தியது பிழைத்திருந்த துயரம்.

உயிர் கொடுப்பதாகச் சூளுரைத்த வேளைக்காரப் படைகளும் சோழர் காலத்தில் இருந்தன. ஆயினும் இந்த விசுவாசத்தை மிகைப்படுத்த வேண்டியதில்லை. இலங்கையில் முதலாம் விஜயபாகுவுக்கு எதிராகக் கிளர்ந்தவர்களும் இதே வேளைக்காரர்கள்தான். சாமுராய்களுள் கட்சி மாறியவர்களின் எண்ணிக்கையும் குறைவன்று. 1600இல் செக்கிகஹாராப் போரை முடிவு செய்ததே ஒரு கட்சி மாறல்தான்.

அரசனைச் சிறைவைத்த சிற்றரசன்

12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோழர் பிடி தளர்ந்தபோது நடுநாட்டில் காடவராயர், சம்புவராயர், மலையமான் போன்றோர் வலுப்பெற்றனர். ஊரைக் காப்பதற்காகப் பாடிகாவல் என்னும் வரியைப் பெறும் உரிமை அவர்களின் முதன்மை வருவாய் ஆனது. யாரோடு சேர்வது, யாரைப் பகைப்பது என்று தமக்குள் ஒப்பந்தம் செய்து அதைக் கோயில் சுவர்களில் வெட்டியும் வைத்தனர். பேரரசனின் பெயர் கல்வெட்டின் தொடக்கத்தில் மட்டும் மிஞ்சியது.

1231இல் சேந்தமங்கலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட காடவராயன் கோப்பெருஞ்சிங்கன், தன் மேலரசனான மூன்றாம் இராசராச சோழனையே பிடித்துச் சிறைவைத்தான். இதற்குச் சரியாகப் பத்தாண்டுகளுக்கு முன், 1221இல், ஜப்பானில் காமகுராப் படைகள் கியோத்தோவுக்குள் புகுந்து முன்னாள் பேரரசர் கோதோபாவை ஓக்கித் தீவுக்கு நாடு கடத்தின.

சோழனை மீட்கப் போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன் அப்பண்ணன், சமுத்திர கோப்பய்யன் என்ற தண்டநாயகர்களை அனுப்பினான். அவர்கள் வந்த வழியைத் திருவயிந்திரபுரம் கல்வெட்டு விவரிக்கிறது. திருப்பாதிரிப்புலியூரில் முகாமிட்டு, திருவதிகை, திருவக்கரை முதலான ஊர்களை அழித்து, சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே கடல் வரையுள்ள ஊர்களையும் பயிர்களையும் எரித்து, பெண்களைப் பிடித்துக் கொள்ளையும் இட்டதாக வெற்றிப் பெருமிதத்தோடு அது சொல்கிறது. திருவக்கரைக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் நடுவே உள்ள நிலத்தில்தான் வில்லியனூரும் வாகூரும் இருக்கின்றன. காவலுக்கென்று விளைச்சலில் பங்கு கொடுத்து வந்த உழவர்களுக்கு, வேண்டிய நேரத்தில் அந்தக் காவல் கிடைக்கவில்லை. கல்வெட்டு தண்டநாயகர்களின் பெயரைச் சொல்கிறது. எரிந்த வீடுகள் யாருடையவை என்று சொல்லவில்லை. சோழன் மீண்டும் அரியணை ஏறினான். கோப்பெருஞ்சிங்கனும் அழிந்துவிடவில்லை, பின்னும் பல ஆண்டுகள் ஆண்டான்.

நிலமானிய முறை என்று சொல்லலாமா?

இந்தியாவில் நிலக்கொடைகளின் வழியே நிலமானிய முறை உருவானது என்று ஆர். எஸ். சர்மா வாதிட்டார். பர்ட்டன் ஸ்டைன் சோழ அரசைத் தன்னாட்சி கொண்ட நாடுகளின் தளர்ந்த சேர்க்கையாகக் கண்டார். இவ்விவாதத்தில் தனியிடம் பெறுபவர் நொபொரு கராஷிமா. ஜப்பானியரான அவர் 1960களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று தமிழ்க் கல்வெட்டுகளுக்கே வாழ்நாளைச் செலவிட்டவர். சோழர் காலத்தை விட, விசயநகர ஆட்சியில் நாயக்கர்கள் நிலத்தின் மீது பெற்ற அதிகாரமே நிலமானிய முறைக்கு நெருக்கமானது என்பது அவரது முடிவு. சாமுராய் நாட்டில் பிறந்தவர் அந்தச் சொல்லைத் தமிழகத்துக்கு இவ்வளவு நிதானமாகப் பயன்படுத்தியது கவனிக்கத்தக்கது.

வேறுபாடும் பெரியது. 1588இல் ஹிதேயோஷி உழவர்களின் வாள்களைப் பறித்ததன் மூலம் ஜப்பானில் வீரனும் உழவனும் சட்டப்படி பிரிக்கப்பட்டனர். தமிழகத்தில் அப்படியொரு கோடு கிழிக்கப்படவே இல்லை.

எதிர்ப்பும் இருந்தது. 1428இல் கியோத்தோவைச் சுற்றிய பகுதிகளில் கடன் தள்ளுபடி கேட்டு உழவர்கள் எழுந்தனர். 1429இல் வலங்கை, இடங்கைப் பிரிவினர் ஒன்றுகூடி, அதிகாரிகளும் நில உடைமையாளர்களும் வசூலித்த கொடிய வரிகளை மறுத்ததைத் திருவைகாவூர், எலவானாசூர் முதலான இடங்களின் கல்வெட்டுகள் காட்டுகின்றன. இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. காரணம் மட்டும் ஒன்றுபோல இருந்தது.

பிரெஞ்சுக்காரர் வருகை

1749இல் ஆம்பூர்ப் போரில் சந்தா சாகிபுக்குப் படையுதவி செய்ததற்கு ஈடாக வில்லியனூர் உள்ளிட்ட ஊர்கள் பிரெஞ்சுக் கம்பெனிக்குக் கிடைத்தன. படைக்கு நிலம் என்ற அதே பழைய கணக்குத்தான். பெறுபவர் மட்டும் கடல் கடந்து வந்தவர். 1752இல் வாகூர் அருகே ஸ்டிரிங்கர் லாரன்சின் ஆங்கிலப் படை பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தது. ஜப்பானில் டைம்யோக்களின் ஆட்சிப்பகுதிகள் 1871இல் ஒழிக்கப்பட்டு, 1876இல் சாமுராய்கள் வாள் அணிவது தடை செய்யப்பட்டது. புதுச்சேரியில் 1880ஆம் ஆண்டு ஆணையின்படி கொம்யூன்கள் அமைக்கப்பட்டன. வாகூர், வில்லியனூர் என்ற பெயர்கள் இன்றும் அந்த நிர்வாகப் பிரிவுகளுக்கே வழங்குகின்றன.