மலைத்தோட்டமும் வேட்டைத் துப்பாக்கியும்

துப்பாக்கி என்னும் சொல் திருக்குறளிலேயே உண்டு என்று மாணவர் சிலர் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. வான்சிறப்பு அதிகாரத்தில் அவ்வடிவம் வருவது மெய்யே. ஆனால் அங்கே அஃது உணவை ஆக்கித் தருதலைக் குறிக்கும். இன்று நாம் வழங்கும் துப்பாக்கியோ துருக்கியர் வழியே வந்த வேற்றுச் சொல். தோட்டாவும் ரவையும் உருது தந்தவை. குழல், கட்டை, குதிரை, மருந்து ஆகிய உறுப்புப் பெயர்கள் மட்டுமே தமிழ். கருவி வெளியிலிருந்து வந்தது. கையாண்டவர்கள் தமக்குத் தெரிந்த பொருள்களின் பெயரை அதன் உறுப்புகளுக்குச் சூட்டிக்கொண்டனர். அச்சொற்களோடு தமிழர் குடியேறிய மலைகளுள் பகாங்கைச் சேர்ந்த கேமரன் மலையும் ஒன்று.

வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் அம்மலைப்பகுதியைக் கண்டு குறித்தது 1885இல். நாற்பது ஆண்டு கழிந்து, 1925இல் சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் அங்குச் சென்று வந்த பின்னரே அரசு அதனைத் திருத்த முற்பட்டது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டித் தேயிலை நட்ட இடங்களைச் சுற்றிப் புலியும் காட்டுப்பன்றியும் மிளாவும் இருந்தன. பகாங்கின் தாழ்நிலக் காடுகளில் யானையும், மலாய்க்காரர் செலாடாங் எனக் கூறும் பெருங்காட்டெருதும் திரிந்தன. சங்கப் புலவர் ஆமா என்றது இவ்வினத்தையே.

இத்தகைய மலைகளில், பெருஞ்செல்வர் அல்லாத ஒருவர் வேட்டைக்கோ காவலுக்கோ ஒரு ரைபிள் தேட நேர்ந்தால் எதனைத் தேர்ந்தார்? பழைய வேட்டை நூல்களைப் படிப்போர் அக்காலத்தார் குறி பிசகாமை, குண்டின் வலிமை ஆகியவற்றையே எடைபோட்டனர் என்று எண்ணிவிடுவர். வரலாற்றை உற்று நோக்கின் அவ்வாறு தோன்றவில்லை. துப்பாக்கியின் விலை பாதியைத் தீர்மானித்தது. எந்தத் தோட்டா கிடைக்கும், எதனை அரசு தடுக்கும் என்பது மீதியைத் தீர்மானித்தது.

முதலில் விலையைக் காண்போம். 19ஆம் நூற்றாண்டின் பெருவேட்டைக்கு உரிய கருவி இரட்டைக்குழல் ரைபிள். இரு குழல்களும் குறித்த தொலைவில் ஒரே இடத்தைத் தாக்குமாறு அமைத்தல் எளிதன்று. தேர்ந்த கம்மியர் குழல்களைப் பற்றவைத்துச் சுட்டுப் பார்ப்பார். பிசகினால் பற்றைப் பிரித்துத் திருத்தி மீண்டும் சுடுவார். இவ்வாறு பல நாள் உழைப்பு ஒரு துப்பாக்கிக்குச் செல்லும். அதன் விலை துரைமாருள்ளும் செல்வர்க்கே எட்டியது.

போல்ட் ரைபிள் இதற்கு நேர்மாறானது. அதன் தத்துவம் நம் வீட்டுக் கதவிலேயே உள்ளது. தாழ்ப்பாளின் பிடியைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியே விழும். முன்னுக்குத் தள்ளினால் புதுத் தோட்டா குழலின் அறைக்குள் ஏறும். பிடியைக் கீழே தாழ்த்தினால் அறை பூட்டிக்கொள்ளும். டிரைசே என்னும் பிரஷ்யர் வகுத்த ஊசித் துப்பாக்கி இவ்வகையில் முன்னோடி. அதனைப் பிரஷ்யப் படை 1841இல் ஏற்றது. நின்றுகொண்டு குழல்வாய் வழியாக மருந்து கெட்டித்த ஆஸ்திரியரைப் பிரஷ்யர் 1866இல் வென்றதற்கு, படுத்தபடியே தோட்டா ஏற்ற உதவிய இக்கருவியும் ஒரு காரணம். 1886இல் பிரெஞ்சுப் படை புகையில்லா மருந்தைக் கைக்கொண்டது. அதன்பின் சிறிய குண்டும் பெருவேகத்தோடு பாய்ந்தது. இயந்திரங்கள் ஒரே அச்சில் இலட்சக்கணக்காகப் படைத்துப்பாக்கிகளைச் செய்து தள்ளின. அவற்றின் உறுப்புகளைக் கொண்டே வேட்டைத் துப்பாக்கியும் செய்ததால் விலை தாழ்ந்தது.

இவற்றுள் இரு குடும்பங்கள் தலைமை பெற்றன. ஜெர்மானியரான பால் மௌசர் 1898இல் முழுமை செய்த அமைப்பு ஒன்று. அதன் தாழ்ப்பாள் முன்முனையில் இரு பற்களால் பூட்டும். பின்னே மூன்றாவது பல் காவலாக நிற்கும். அகன்ற கொக்கி தோட்டாவை முதலிலிருந்தே பற்றிக்கொள்ளும். மற்றொன்று, ஸ்காத்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ வகுத்தது. 1888இல் லீ-மெட்பர்டு எனவும், 1895இல் லீ-என்பீல்டு எனவும் பிரிட்டிஷ் படை அதனை ஏற்றது. இதன் பூட்டு பின்புறம் உள்ளது. ஆதலின் வலிமையில் மௌசருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் தாழ்ப்பாளின் ஓட்டம் குறுகியது, கை விரைந்து இயங்கும். படைத்துப்பாக்கியின் பெட்டி பத்துத் தோட்டா கொள்ளும். பெருவிலங்குக்கு மௌசர், மான் பன்றிக்கு லீ என்று பிரித்துரைப்பது பொதுவாகத் தவறாகாது.

இனித் தோட்டாவுக்கு வருவோம். இந்தியாவில் படையினரது .303 தோட்டா குடிமக்கள் கைக்கு வரலாகாது என்று அரசு தடுத்தது. எல்லைப்புறத்தார் திருடிய தோட்டா படையின்மீதே திரும்பும் என்பது அச்சம். அதற்கு முன்னர்ப் புகழ் பெற்றிருந்த .450 வேட்டை ரைபிளும் இத்தடையிலிருந்து தப்பவில்லை. பழைய மார்ட்டினி-ஹென்றி படைத்துப்பாக்கியும் அதே அளவினது என்பதே குற்றம். லண்டன் கம்மியர் உடனே .465, .470, .475 எனச் சிறிது மாற்றிய அளவுகளைப் படைத்தனர். பெருவேட்டை அளவுகளின் இந்த நீண்ட வரிசையை விலங்குகள் கேட்கவில்லை, சட்டம் கேட்டது.

எளியோர்க்குக் கிடைத்த விடை .315. ஆஸ்திரியப் படையின் மான்லிச்சர் தோட்டா அது. பிரிட்டிஷ் படையின் அளவு அன்றாதலின் தடை அதனைத் தீண்டவில்லை. பர்மிங்காமில் இருந்த பி.எஸ்.ஏ. தொழிற்சாலை லீ-என்பீல்டின் உடலில் இத்தோட்டாவுக்குரிய குழலைப் பொருத்தி இந்தியாவுக்கு அனுப்பியது. பின்னர்க் கல்கத்தாவை அடுத்த இச்சாப்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையும் அதனைச் செய்தது. இந்திய உழவரும் சிற்றூர் வேட்டைக்காரரும் உரிமம் பெற்று வைத்திருந்த ரைபிள்களுள் இது மிகப் பரவியது. சிறந்தது என்பதால் அன்று, கிடைத்தது என்பதால்.

தோட்டாவின் அருமையை உணர்த்த ஜிம் கார்பெட்டின் வரலாறு ஒன்று போதும். 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் பெண்புலியை அவர் 1907இல் எதிர்கொண்டபோது கையிலிருந்தது விலையுயர்ந்த .500 இரட்டைக்குழல் ரைபிள். காயமுற்ற புலி எதிரே நிற்கத் தோட்டா தீர்ந்துவிட்டது. அவர் ஓடிச்சென்று தாசில்தாரின் பழுதுபட்ட பழந்துப்பாக்கியை வாங்கி வந்தே வேட்டையை முடித்தார். அச்செயலுக்காக மாகாணத் துணை ஆளுநர் சர் ஜான் ஹியூவெட் அவருக்குப் பரிசளித்தது லண்டன் ரிக்பி கடையின் .275 மௌசர் போல்ட் ரைபிள். அவ்வளவு சிறு குண்டுக்குப் பெருவிலங்கு விழுமா என்று ஐயுறுவோர்க்கு ஆப்பிரிக்காவில் பெல் என்னும் ஸ்காத்லாந்தியர் விடையளித்தார். அவர் கொன்ற ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளில் பெரும்பாலானவை இதே சிறு அளவினால் வீழ்ந்தவை. யானையின் மண்டையோட்டை அறுத்து மூளையின் இடத்தைக் கற்றவர் அவர். திறமையைப் போற்றுவோர் எண்ணிக்கையைக் கண்டு நாணுதலும் வேண்டும்.

மலாயாக் காட்டின் இயல்போ வேறு. பிரம்பும் மூங்கிலும் பின்னிய காட்டில் இருபது முப்பது கஜத்துக்கு அப்பால் கண் செல்லாது. ஐந்நூறு கஜம் பாயும் ரைபிளின் ஆற்றலில் பெரும்பகுதி அங்கே வீண். முதல் குண்டு தவறினால் தாழ்ப்பாளை இழுக்கும் நேரத்துக்குள் செலாடாங் மேலே வந்துவிடும். இழுக்கும் ஓசையும் அமைதியான காட்டில் காட்டிக்கொடுக்கும். ஆகவேதான் வசதியுள்ளோர் இரட்டைக்குழலை விடவில்லை. வசதியில்லாதோர்க்கு 12 அளவு ரவைத் துப்பாக்கியே பல வேளைகளில் ரைபிளினும் தக்கதாயிற்று. பறவைக்கு நுண்ரவை, பன்றிக்குப் பெருங்குண்டு என ஒரே குழலில் மாற்றிக்கொள்ளலாம் அன்றோ!

மேலும் ஓர் எதிரி உண்டு, அது துரு. அக்காலத் தோட்டாவின் பற்றுமருந்தில் பொட்டாசியம் குளோரேட்டு இருந்தது. அது வெடித்தபின் குழலுள் உப்பாகப் படியும். உப்பு ஈரத்தை இழுக்கும். மூடுபனியும் மழையும் ஓயாத மலையில் ஓரிரவு கழுவாது விட்டால் குழலின் உள்வரிகள் அரிக்கத் தொடங்கும். எண்ணெய் துடைத்தால் உப்பு போகாது. கொதிநீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, பின்னரே எண்ணெய் இடவேண்டும். தாழ்நிலத்து வெப்பமும் தொல்லையே. சூடேறிய கார்டைட்டு மருந்தின் அழுத்தம் மிகும். அதனால் கீழ்நாட்டுக்குரிய தோட்டாக்களைத் தளர்வாகவும் பெரிய கூட்டிலும் செய்தனர். மலிவாக வாங்கியவன் கொதிநீருக்குச் சோம்பினால் இருமுறை வாங்கினான்.

இத்தொல்லைகள் ஒன்றும் இல்லாமல் வேட்டையாடியவர் அம்மலையிலேயே இருந்தனர். செமாய் மக்களின் ஊதுகுழல் நீண்ட கணுவுடைய மூங்கிலால் ஆனது. ஈப்போ மரத்துப் பாலின் நஞ்சைத் தோய்த்த மெல்லிய அம்பு அதன் தோட்டா. ஈப்போ நகருக்குப் பெயர் தந்த மரம் அதுவே. குரங்கும் அணிலும் பறவையும் ஓசையின்றி வீழும். பெருவிலங்கை அதனால் வீழ்த்த இயலாது என்பது குறையா நிறையா என்பதை வேட்டை வரலாறே காட்டும்.

அவ்வரலாற்றின் நடுவே நிற்பவர் தியோடர் ஹப்பாக். கோலாலம்பூர் இரயில் நிலையத்தை வடிவமைத்த ஹப்பாக்கின் உடன்பிறந்தார் இவர். யானையும் செலாடாங்கும் வேட்டையாடியது பற்றி 1905இல் நூல் எழுதிய இவரே, விலங்குகள் அருகிவருதலைக் கண்டு பின்னாளில் அவற்றின் காவலரானார். இவர் முயற்சியால் 1925இல் பகாங்கில் குனோங் தஹான் விலங்குக் காப்பகம் அமைந்தது. 1930களின் தொடக்கத்தில் மலாயா வனவிலங்கு ஆணையராக நாடெங்கும் விசாரித்தார். அறிக்கை 1932இல் வெளிவந்தது. 1938-39இல் பகாங், கிளந்தான், திரெங்கானு மூன்றும் சேர்ந்து 4,343 சதுர கிலோமீட்டரில் அமைத்த ஐந்தாம் ஜார்ஜ் தேசியப் பூங்காவே இன்றைய தாமான் நெகாரா. விலங்கைக் காக்க முனைந்த முதல்வர் பலர் வேட்டைக்காரரே. நீலகிரியிலும் 1877இல் வேட்டையாடுவோர் சங்கமே காவல் விதிகளுக்கு வழி வகுத்தது. தமக்குரிய விளையாட்டு அழியுமே என்ற கவலையும் அதில் கலந்திருந்தது. அதற்காக அவர் செய்த நன்மையைக் குறைத்துரைத்தல் முறையன்று.

போர் வந்ததும் துப்பாக்கியின் கதை மாறியது. 1941 டிசம்பர் இறுதியில் கம்பாரிலும், 1942 ஜனவரி 7ஆம் நாள் சிலிம் ரிவரிலும் நடந்த சண்டைகள் கேமரன் மலைக்கு மேற்கே தாழ்நிலத்தில் நடந்தவை. மலைப்பாதை தொடங்கும் தாப்பா இவ்விரண்டுக்கும் நடுவே உள்ளது. பின்வாங்கிய படை போட்டுச்சென்ற துப்பாக்கிகளைக் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்கள் திரட்டினர். படைவீரனின் .303 காட்டுக்குள் புகுந்தது இவ்வாறே. 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமார் கொலையுண்டதும் அவசரகாலம் பிறந்தது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் தூக்குத் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. தோட்டங்களைச் சிறப்புக் காவலர் லீ-என்பீல்டு ஏந்திக் காத்தனர். 1944இல் காட்டுப் போருக்கென்றே குறுக்கிய ஐந்தாம் எண் கார்பைனும் மலாயாவில் வழங்கியது. எடை குறைவு, உதை மிகுதி, குறி நிலையாக நில்லாது என்ற குறைகூறல் வேறு. காட்டோரம் துப்பாக்கியோடு நடப்பவன் யார் என்று நின்று கேட்பார் இல்லாத காலத்தில் பன்றி வேட்டைக்கு எவர் செல்வர்?

அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிந்தது. அதே காலத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் படை கழித்த லீ-என்பீல்டுகள் மலிவாக விற்றன. மரக்கட்டையைச் செதுக்கிக் குழலைக் குறைத்து எளியோர் வேட்டைத் துப்பாக்கியாக்கிக்கொண்டனர். மலாயாத் தோட்டப்புறத்துக்கு அவ்வாய்ப்பு வரவில்லை. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 1971ஆம் ஆண்டின் கடுந்தண்டனைச் சட்டமும் உரிமத்தை அரிதாக்கின. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு விளையாட்டு வேட்டை முடிந்தது.

மலாயாவில் 3,000 புலிகள் இருக்கலாம் என்று, திரெங்கானுவில் அதிகாரியாயிருந்து புலி வேட்டையாடிய லாக் 1950களில் கணித்தார். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு 150க்கும் குறைவு என்றது. காட்டழிவும் கண்ணியும் இதில் செய்த கேடு பெரிது. பழியை ரைபிள் ஒன்றின்மேல் ஏற்ற இயலாது. புலியும் செலாடாங்கும் இன்று முழுக் காவல் பெற்றவை. தோட்டத்தைக் கிளறும் காட்டுப்பன்றிக்கு உரிமம் கேட்போர் போல்ட் ரைபிளைப் பற்றி ஆராய்வதில்லை. உரிமம் கிடைத்தால் அவர் கைக்கு வருவது பெரும்பாலும் அந்தப் பழைய 12 அளவு ரவைத் துப்பாக்கியே.