மாற்றுச் சாவி யார் கையில இருக்கு?



வீட்டோட ரெண்டாவது சாவியை எங்க வெச்சா பத்திரம்னு சென்னையில இருக்கிற சொந்தக்காரங்க அடிக்கடி கேட்கிறாங்க. எங்க கும்மிடிப்பூண்டி பக்கத்து கிராமங்கள்ல இந்தக் கேள்வி வந்தே ஒரு தலைமுறைதான் ஆகுது. அதனால பதிலுக்கு முன்னாடி, சாவி நம்ம வீட்டுக்குள்ள வந்த கதையைச் சொல்லிடறேன்.

‘சாவி’ங்கிற சொல்லே போர்த்துகீசியர்கிட்ட இருந்து வந்தது. ஜன்னலும் அலமாரியும் அப்படித்தான். 16-ம் நூற்றாண்டுல அவங்க வியாபாரம் பண்ணின துறைமுகங்கள்ல ஒண்ணு எங்க திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடு. அவங்களுக்கு அப்புறம் வந்த டச்சுக்காரங்க 1613-ல அங்க கெல்டிரியா கோட்டையைக் கட்டினாங்க.

நம்ம பழைய சொல் திறவுகோல். பேருக்கு ஏத்த மாதிரி அது கோல்தான். பழைய கோயில் சாவிகளைப் பார்த்திருப்பீங்க, சிலது முழ நீளம்கூட இருக்கும். அதை மடியில சொருக முடியாது, மண்பானைக்கு அடியில ஒளிக்கவும் முடியாது. யார் கையில இருக்குன்னு ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரிஞ்சிருந்ததுதான் அதுக்குக் காவல்.

எங்க ஆயா காலத்து வீட்டுக்கு முதல்ல தென்னை ஓலைப் படல். அப்புறம் பலகைக் கதவு, அதுல ஒரு நாதாங்கி. அதுவும் நாய், கோழி உள்ள நுழையாம இருக்கத்தான். பூட்டு இருந்தது நகை, பத்திரம் வெச்ச மரப்பெட்டிக்கு மட்டும். அந்தச் சாவி ஆயாவோட சுருக்குப்பையில வெத்தலை பாக்கோட கிடக்கும். நாத்து நடவுக்கு எல்லாரும் கழனிக்குப் போனாலும், தெருவுல எந்தத் திண்ணையிலயாவது ஒரு கிழவி உட்கார்ந்திருப்பா. வீட்டுக்குப் பூட்டு தேவைப்படல.

பூட்டுன்னா நம்ம நாட்டுல திண்டுக்கல். இரும்புத் தகட்டை வெட்டி, அரம் வெச்சு ராவி, கையாலயே செய்யிற பூட்டு. மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டுன்னு பல தினுசு. மணிப் பூட்டுல சாவியைத் திருப்பினா மணி அடிக்கும். அங்க தொழிலாளிங்க சேர்ந்து 1957-ல கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சாங்க. 2019-ல திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. ஆனா அதுக்குள்ள அலிகார் பூட்டு விலை குறைச்சலா வந்து சந்தையைப் பிடிச்சிடுச்சு. பம்பாயில 1897-ல ஆரம்பிச்ச கோத்ரெஜ் பூட்டும் ஊர் ஊரா வந்துடுச்சு.

இன்னைக்கு நாம சட்டைப்பையில வெச்சிருக்கிற தட்டைச் சாவி, 1860-கள்ல அமெரிக்காவுல லைனஸ் யேல் உருவாக்கின மாதிரி. அதோட பல்லைப் பார்த்து மிஷின்ல வெட்டினா, கொஞ்ச நேரத்துல இன்னொரு சாவி ரெடி. அதுல இருந்துதான் மாற்றுச் சாவி எல்லார் வீட்டுக்கும் வந்தது. கூடவே அதை எங்க வைக்கிறதுங்கிற கவலையும் வந்தது.

எங்க பக்கம் வீட்டைப் பூட்டுற பழக்கத்தைக் கொண்டுவந்தது திருடன் இல்ல, சிப்காட். ஆம்பளையும் பொம்பளையும் ஷிப்டுக்குப் போக ஆரம்பிச்சாங்க. பிள்ளைங்க வேன் ஏறி ஸ்கூலுக்குப் போயிடுச்சு. திண்ணையை இடிச்சு கிரில் கேட் போட்டாச்சு. சாவி, நிலைக்கு மேல, மீட்டர் பெட்டிக்குள்ள, துளசி மாடத்துல, பழைய செருப்புக்கு அடியிலன்னு போச்சு. இந்த இடமெல்லாம் நமக்குத் தெரிஞ்ச அளவுக்குத் திருடனுக்கும் தெரியும்.

சிப்காட்டை ஒட்டின லைன் வீடுகள்ல பீகார், ஒடிசா பசங்க ஒரு ரூமுக்கு அஞ்சாறு பேர் தங்குறாங்க. ஷிப்டு வேற வேற. அவங்க சாவி டீக்கடைக்காரர்கிட்ட இருக்கும். அவர் பசங்க முகத்தைப் பார்த்துத்தான் குடுப்பார். அங்க ஒரு ஒடிசா தம்பிகிட்ட சாவியைப் பத்திப் பேசினா, அவன் நேரா பூரி கோயிலுக்குத்தான் போவான்.

பூரி ஜகந்நாதர் கோயில்ல ரத்ன பண்டார்னு நகை அறை. 2018-க்கு முன்னாடி கடைசியா முழுசாக் கணக்கெடுத்தது 1978-ல. 2018 ஏப்ரல்ல உள்ளறையைப் பார்க்கப் போனவங்க திறக்காமலே திரும்பினாங்க. அப்புறம்தான் சாவியே காணோம்னு வெளிய வந்தது. ஜூன் மாசம் கலெக்டர் ஆபீஸ் பதிவறையில ஒரு கவர் கிடைச்சது. மேல, உள்ளறையோட மாற்றுச் சாவின்னு எழுதியிருந்தது. 2024 ஜூலை 14-ம் தேதி அந்தச் சாவியைப் போட்டுப் பார்த்தா ஒரு பூட்டும் திறக்கல. மாஜிஸ்திரேட் முன்னால பூட்டை உடைச்சாங்க. அரசாங்கம், கோயில், பதிவேடு எல்லாம் இருந்தும், அந்தச் சாவியை யாரும் பூட்டுல போட்டுப் பார்த்திருக்கலைன்னுதான் தோணுது.

எங்க தெருவுல நடந்தது இதோட சின்ன உருவம். சென்னைக்குப் போன குடும்பங்க எல்லாம் சாவியை ஒரு பெரியம்மாகிட்ட குடுத்துட்டுப் போவாங்க. 2023 ஆடி மாசம் அவங்க தவறிட்டாங்க. பெட்டியில 11 சாவி இருந்தது. எது எந்த வீட்டுதுன்னு அவங்க மனசுல மட்டும்தான் இருந்தது. அந்த டிசம்பர்ல மிக்ஜாம் புயல். சென்னையே தண்ணியில நிக்குது, வீட்டுக்காரங்க வர வழியில்ல. எங்ககிட்ட சாவி இருந்த வீடுகளைத் திறந்து மெயினை அணைச்சு, நெல்லு மூட்டையைக் கட்டில் மேல ஏத்தினோம். பெரியம்மா சாவிங்களை ராத்திரி டார்ச் அடிச்சு ஒவ்வொண்ணாப் போட்டுப் பார்த்தோம். ரெண்டு வீடு கடைசி வரைக்கும் திறக்கல. அதுல ஒரு வீட்டுல பத்திரமெல்லாம் ஊறிப்போச்சு.

அதனால எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். மாற்றுச் சாவியை வாசல்ல எங்கயும் ஒளிக்காதீங்க. வீட்டுக்குள்ள பீரோவுலயும் வைக்காதீங்க. வெளிய மாட்டிக்கிட்டா அது உதவாது. நடந்து வர்ற தூரத்துல, நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட குடுங்க. சாவியில உங்க பேரும் முகவரியும் எழுதாதீங்க, தொலைஞ்சா ஆபத்து. கலர் நூலோ நம்பரோ கட்டி, அதோட விவரத்தை அந்த வீட்டுல இன்னொருத்தருக்கும் சொல்லி வையுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை பூட்டுல போட்டுப் பாருங்க. பூட்டை மாத்தினா அன்னைக்கே புதுச் சாவியைக் கொண்டுபோய்க் குடுங்க. வாடகைக்குப் புது வீடு போனா, ஓனர்கிட்ட கேட்டுட்டு முதல்ல பூட்டை மாத்துங்க.

இன்னொண்ணும் சொல்லணும். ஊர்ல உங்க அப்பா அம்மா வீட்டுச் சாவி யாரோ ஒரு சித்தப்பாகிட்டயோ அத்தைகிட்டயோ இருக்கும். அவங்களுக்கும் வயசாகுது. சாவி வேணுங்கிறப்ப மட்டும் போன் பண்ணாம, சும்மாவும் ஒரு தடவை பண்ணுங்க. அடுத்த பொங்கலுக்கு வர்றப்ப, அவங்களை வெச்சே அந்தச் சாவியால கதவைத் திறக்கச் சொல்லுங்க. திறக்குதான்னு தெரிஞ்சிடும், அவங்க எப்படி இருக்காங்கன்னும் தெரிஞ்சிடும்.