மாதச் சம்பளம் மறைந்தது

சேலத்தில் ஏற்காடு மலையடிவாரச் சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோ போனது ஊரறிந்த துக்கம். அதற்கும் முன்பே, சத்தமில்லாமல், அதன் உயிராக இருந்த மாதச் சம்பளம் போய்விட்டது. அதற்கென்று நாம் தனியாகத் துக்கம் கேட்டுக்கொண்டதில்லை.

திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர்.சுந்தரம், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துத் திரும்பி, 1935-இல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கியபோது, மில்லின் ஒழுங்கையும் கூடவே கொண்டுவந்தார். 1937-இல் 'சதி அகல்யா', மறு ஆண்டு மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' என்று தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வெளிவந்த காலமெல்லாம், நடிகர், எழுத்தாளர், தொழில்நுட்பக் கலைஞர் எனப் பலரும் மாதச் சம்பளக்காரர்களாகவே வேலை பார்த்தார்கள். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அடுத்த மாதம் உண்டு என்பதால், சினிமாக்காரனை நம்பி வீடு வாடகைக்குக் கொடுத்தார்கள். மளிகைக் கடையில் பற்று எழுதினார்கள். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்க முடிந்தது. மு.கருணாநிதி சேலத்தில் குடியிருந்துதான் 'மந்திரி குமாரி'க்கு (1950) வசனம் எழுதினார். கண்ணதாசனும் அங்கே எழுதினார்.

சுந்தரம் இனிக்க இனிக்கப் பேசி ஆள் பிடித்தவர் அல்லர். கண்டிப்பானவர், நேரம் தவறினால் யாராயினும் விடமாட்டார். 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) எடுத்தபோது எம்.ஜி.ஆர். வராத நேரத்தில் மாற்று ஆளை வைத்துக் காட்சியை முடித்தார் என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. அப்படிப்பட்டவரிடம் ஏன் நின்றார்கள்? சொன்ன தேதியில் வேலை முடியும், சொன்ன தேதியில் பணம் வரும் என்பதால்தான் என்று நினைக்கிறேன். தறிப் பட்டறைகள் நிறைந்த பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் முன்பணம் கொடுத்து, அந்தக் கடனாலேயே ஆளைக் கட்டிவைத்த முறையைக் கண்ட நமக்கு இந்த வேற்றுமை நன்றாகவே புரியும்.

அங்கே தொழில் கற்றவர்கள் வெளியே போய்த் தாமே முதலாளியானதும் உண்டு. தயாரிப்பு நிர்வாகியாக இருந்த எம்.ஏ.வேணு தனியே நிறுவனம் தொடங்கி, மாடர்ன் தியேட்டர்ஸிலேயே வளர்ந்த முக்தா சீனிவாசனை இயக்குநராக்கி, 1957-இல் படம் எடுத்தார். வெளிநாட்டிலிருந்து திரும்பிய மில் உரிமையாளர் தன் ஆலையிலேயே தொழிலாளியாக வேலை செய்யும் கதை, பெயர் 'முதலாளி'. அடுத்த ஆண்டு 'சம்பூர்ண ராமாயண'மும் வேணுவின் கையால் வந்தது.

1963-இல் சுந்தரம் காலமானார். மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்று, 'வல்லவன் ஒருவன்', 'இரு வல்லவர்கள்', 'சி.ஐ.டி. சங்கர்' எனக் குற்றக்கதை, துப்பறியும் படங்களால் நிறுவனத்தைத் தாங்கிப் பிடித்தார். ஆனால் தமிழ் சினிமாவின் வாழ்வு முழுக்கச் சென்னைக்குப் போய், நடிகர் ஒரே நாளில் மூன்று படங்களுக்குக் கால்ஷீட் பிரித்துக் கொடுக்கும் காலம் வந்தபின், ஒரே இடத்தில் மாதச் சம்பளத்துக்கு இருக்க யாருக்கு மனம் வரும்? பெரிய பெயர்கள் போனபின், போக இடமில்லாத தச்சரும் விளக்குப் பிடிப்பவரும் கடைசி மாதங்கள் வரை சம்பளத்துக்காகக் காத்திருந்திருப்பார்கள். அவர்களில் பலர் பெயர் எந்தப் படத்தின் தொடக்கத்திலும் வந்திருக்காது.