விசிறி இல்லாக் கணினி: மின்வழங்கியின் வரலாறு சொல்லும் பாடம்

கணினியின் வரலாற்றை மாணவர்களுக்குச் சொல்லும்பொழுது சில்லுகளைப் பற்றியும் மென்பொருள்களைப் பற்றியுமே பெரிதும் பேசுகிறோம். அவை அனைத்துக்கும் உயிரூட்டும் மின்வழங்கியை நாம் நினைப்பதே இல்லை. பெட்டியின் ஒரு மூலையில் உலோகக் கூட்டுக்குள் அடங்கிக் கிடக்கும் அவ்வுறுப்புக்கும் சுவையான வரலாறு ஒன்று உண்டு. ஆசிரியர்களும் பெற்றோர்களும் அறிந்துகொள்ள வேண்டிய இரண்டு பாடங்கள் அதில் உள்ளன.

சுவரிலுள்ள மின்செருகியில் நமக்குக் கிடைப்பது மாறுதிசை மின்னோட்டம். கணினிச் சில்லுகளுக்கு வேண்டுவதோ குறைந்த மின்னழுத்தம் கொண்ட நேர்திசை மின்னோட்டம். ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தருவதே மின்வழங்கியின் பணி. 1975-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆல்டேர் 8800 என்னும் சிறு கணினியை எடுத்துக்கொள்வோம். அதில் கனமான மின்மாற்றி ஒன்று இருந்தது. அது ஏறக்குறைய 8 வோல்ட் மின்சாரத்தை ஒவ்வோர் அட்டைக்கும் அனுப்பியது. அட்டையிலிருந்த சீராக்கி அதனை 5 வோல்ட்டாகக் குறைத்தது. எஞ்சிய 3 வோல்ட் எங்கே போயிற்று? வெப்பமாக மாறி வீணாயிற்று. அட்டை ஒன்று 2 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்தால் 16 வாட் உள்ளே செல்லும். 10 வாட் மட்டுமே பயன்படும். 6 வாட் வெறும் சூடாகும். எட்டுக் குடம் நீர் சுமந்து வந்து மூன்று குடத்தைத் தரையில் கொட்டுவது போன்றது இம்முறை. சூடு மிகுந்தால் விசிறி வேண்டும். விசிறி சுழன்றால் இரைச்சல் வரும்.

அடுத்த ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் இவ்விரைச்சலை வெறுத்தார். வீட்டில் வைக்கும் கணினி அமைதியாக இருக்க வேண்டும் என்பது அவரது பிடிவாதம். அட்டாரி நிறுவனத்தாரின் பரிந்துரையால் ராட் ஹோல்ட் என்னும் மின்னணுப் பொறியாளர் அவருக்கு அறிமுகமானார். ஹோல்ட் பழைய முறையைக் கைவிட்டு, நிலைமாற்று மின்வழங்கியை வடிவமைத்தார்.

அதன் தத்துவம் எளியது. பாதி திறந்த மதகில்தான் நீர் இரைந்து மோதி ஆற்றலை இழக்கிறது. முழுதும் திறந்தாலோ முழுதும் மூடினாலோ அவ்விழப்பு மிகக் குறைவு. டிரான்சிஸ்டரும் அத்தகையதே. பழைய சீராக்கியில் அது எப்பொழுதும் பாதி திறந்த மதகாக நின்று சூடேறியது. புதிய முறையில் அது ஒரு நொடிக்குப் பல்லாயிரம் முறை முழுதாகத் திறந்து முழுதாக மூடுகிறது. திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் வேண்டிய மின்னழுத்தத்தைப் பெறலாம். மற்றொரு நன்மையும் உண்டு. மின்னோட்டம் மாறும் வேகம் கூடக்கூட மின்மாற்றியின் அளவு சிறுக்கும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்றுகள் கொண்டது. அதற்குச் செங்கல் போன்ற மின்மாற்றி வேண்டும். பல்லாயிரம் சுற்றுகளுக்கோ உள்ளங்கையில் அடங்குவது போதும்.

1977 ஏப்ரலில் ஆப்பிள் II பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. அதனுள் விசிறி இல்லை. மின்வழங்கி தனி உலோகப் பெட்டிக்குள் மூடப்பட்டிருந்தது. அது தந்த நான்கு மின்னழுத்தங்களும் ஒரே செருகி வழியாகத் தாய்ப்பலகையைச் சென்றடைந்தன. பழுதானால் பெட்டியை மட்டும் கழற்றி வேறொன்றைப் பொருத்திவிடலாம். ஹோல்ட்டின் வடிவமைப்புக்கு 1978-இல் காப்புரிமை வழங்கப்பட்டது.

இனி, வரலாற்றைப் பற்றிய முதற்பாடத்துக்கு வருவோம். 2011-இல் வெளிவந்த ஜாப்ஸின் வாழ்க்கை வரலாற்றில், இன்றைய கணினிகள் யாவும் ஹோல்ட்டின் வடிவமைப்பைப் பார்த்து எடுத்தவை என்னும் பொருளில் ஜாப்ஸ் பேசுகிறார். ஹோல்ட்டுக்கு உரிய புகழ் கிட்டவில்லை என்று அவர் வருந்தியது நல்ல உள்ளத்தின் அடையாளமே. ஆயினும் கூற்று சரியன்று. கென் ஷிரிஃப் என்னும் பொறியாளர் 2012-இல் இதனை விரிவாக ஆராய்ந்து மறுத்தார். நிலைமாற்று முறை 1960-களிலேயே விண்கலங்களில் பயன்பட்டது; அங்கே ஒவ்வொரு கிராம் எடையும் கணக்கு. உயர் மின்னழுத்தத்தைத் தாங்கி விரைந்து இயங்கும் டிரான்சிஸ்டர்கள் மலிவானபின் மற்றவர்களும் அதனைக் கையாண்டனர். ராபர்ட் போஷெர்ட் என்பவர் 1970-களின் தொடக்கத்தில் தம் வீட்டுச் சமையலறை மேசையிலேயே இத்தகைய மின்வழங்கிகளை எளிமையாக்கி உருவாக்கினார். இப்பணிக்கெனவே ராபர்ட் மம்மானோ வடிவமைத்த கட்டுப்பாட்டுச் சில்லு 1976-இல் வந்தது. 1981-இல் வெளிவந்த ஐபிஎம் கணினியின் மின்வழங்கியும் நிலைமாற்று வகையே. ஆனால் அதன் சுற்றமைப்பு ஹோல்ட்டுடையது அன்று.

அப்படியானால் ஹோல்ட்டின் பங்கு சிறியதா? இல்லை. விலையுயர்ந்த கருவிகளில் இருந்த ஒரு முறையை அவர் வீட்டுக் கணினிக்கு ஏற்றவாறு அமைத்துக் கொடுத்தார். அது போதுமான பெருமை. இல்லாத பெருமையைச் சேர்க்கும்பொழுது போஷெர்ட், மம்மானோ போன்றோரின் பெயர்கள் மறைந்துபோகின்றன. கண்டுபிடிப்புகளை ஒற்றை நாயகனின் கதையாக மாணவர்களுக்குச் சொல்லும் ஒவ்வொரு முறையும் நாம் இத்தவற்றுக்குத் துணைபோகிறோம்.

இரண்டாவது பாடம் அமைதியைப் பற்றியது. ஆப்பிள் II-இல் விசிறியை நீக்க முடிந்தது, மின்வழங்கியின் வெப்பம் முதலில் குறைந்ததால்தான். அதிலும்கூட அட்டைகளை நிறையச் செருகியவர்கள் பக்கவாட்டில் மாட்டும் விசிறியைத் தனியே வாங்க நேர்ந்தது. 1980-இல் வந்த ஆப்பிள் III-உம் விசிறியின்றியே அமைந்தது. அது அடிக்கடி பழுதாகிப் பெயரைக் கெடுத்துக்கொண்டது. வெப்பத்தால் சில்லுகள் தம் இருக்கையிலிருந்து தளர்ந்தன என்பது பரவலான விளக்கம். தாய்ப்பலகையின் குறைகளே காரணம் என்று கூறியவர்களும் உண்டு. 1984-இல் வந்த முதல் மெக்கின்டோஷிலும் விசிறி இல்லை. 1987-இல் வந்த மெக்கின்டோஷ் எஸ்.இ.-யிலோ விசிறி இடம்பெற்றுவிட்டது. விசிறி இரைச்சலின் காரணம் மட்டுமே. வெப்பத்தின் காரணம் விரயம். விரயத்தைக் குறைக்காமல் விசிறியை மட்டும் அகற்றுவது, நோயை விட்டுவிட்டு வெப்பமானியை உடைப்பதற்கு ஒப்பாகும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையிலேயே காட்டலாம். பழைய வானொலிப் பெட்டிக்குரிய கனத்த மின்மாற்றிச் செருகியையும் இன்றைய கைப்பேசி மின்னேற்றியையும் மாணவர் கைகளில் கொடுத்து எடையை ஒப்பிடச் சொல்லுங்கள். இரண்டின் மீதும் எழுதப்பட்டுள்ள வோல்ட், ஆம்பியர் அளவுகளைப் பெருக்கி வாட் கணக்கிடச் செய்யுங்கள். இலகுவான பொருள் கூடுதல் ஆற்றல் தருவதைக் கண்டு அவர்கள் வியப்பார்கள். ஆனால் எந்த மின்வழங்கியையும் திறந்து பார்க்க விடாதீர்கள். மின்செருகியிலிருந்து எடுத்த பின்னும் அதனுள்ளிருக்கும் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கலாம்.

பிறகு அவர்களிடம் கேளுங்கள்: இதனைக் கண்டுபிடித்தவர் யார்? ஒரே பெயரைத் தேடுகிற மாணவனுக்குப் பல பெயர்கள் கிடைக்கட்டும். அறிவியலும் வரலாறும் ஒருசேர அவன் மனத்தில் பதியும்.