ஆறு தந்திகளின் உடன்பாடு

1713-ஆம் ஆண்டில் ஹாம்பர்க் நகரத்து இசையறிஞர் யோஹான் மத்தேசோன், லூட் வாசிப்போரைப் பற்றிக் கேலி ஒன்றைத் தம் நூலில் எழுதிவைத்தார். எண்பது வயது வாழ்ந்த லூட் கலைஞர் ஒருவர், அவற்றுள் அறுபது ஆண்டுகளைச் சுருதி சேர்ப்பதிலேயே கழித்திருப்பார் என்பது அதன் சாரம். லூட், கிட்டாருக்கு நெருங்கிய உறவுடைய நரம்புக் கருவி. கேலி ஆழமாகத் தைத்திருக்க வேண்டும். 1727-இல் எர்ன்ஸ்ட் காட்லீப் பாரோன் என்னும் லூட் கலைஞர், தம் கருவியைப் பற்றிய தனிநூல் ஒன்றில் மத்தேசோனுக்கு மறுமொழி கூறப் புகுந்தார்.

கிட்டாரை முதன்முதலாக மடியில் ஏந்தும் எவரும் இக்கேலியின் உண்மையைச் சில நாள்களிலேயே உணர்ந்துவிடுவர். இரண்டு தந்திகளை இசைவித்தால் மூன்றாவது முரண்டு பிடிக்கும். அதனை வழிக்குக் கொண்டுவந்தால் முதலாவது பகைத்துக்கொள்ளும். தம் செவியே பழுதுடையது என்று தாமே தீர்ப்பெழுதி, கருவியைச் சுவரோரம் சாய்த்துவிட்டவர்கள் பலர். அத்தீர்ப்பு நியாயமானதுதானா என்று வரலாற்றைச் சற்றே வினவிப் பார்ப்போம்.

ஸ்பெயின் நாட்டு வாலென்சியாவில் 1536-இல் லூயிஸ் மிலான் ‘எல் மாஸ்த்ரோ’ என்னும் நூலை வெளியிட்டார். கிட்டாரைப் போன்ற வடிவமுடைய விகுவேலா என்னும் கருவியைத் தொடக்கநிலை மாணவர் கற்பதற்கென்றே எழுந்த நூல் அது. சுருதிக்கு அவர் காட்டிய வழி மிக எளிது: முதல் தந்தியை அது தாங்கும் அளவுக்கு முறுக்குக, பின்னர் ஏனையவற்றை அதனோடு இசைவிக்க. அக்காலத் தந்தி, ஆட்டின் குடலைத் திரித்துச் செய்த நரம்பு. ஈரக்காற்றுப் பட்டாலே அதன் சுருதி பிறழும். தாங்கும் எல்லை எதுவென்பதை முறுக்கும் கைதான் அறிய வேண்டும். அறியத் தவறியவர் புது நரம்பு வாங்கவேண்டியதுதான்! இங்கே நாம் கருதவேண்டியது, உலகம் முழுமைக்கும் பொதுவான சுருதி என்ற ஒன்று மிலானின் எண்ணத்தில் இல்லை என்பதே. கருவிக்குக் கருவி சுருதி வேறு. தந்திகளுக்கிடையே உள்ள உறவு மட்டும் மாறாதது.

அவ்வுறவு எத்தகையது? பிரான்சிஸ்கு சபைத் துறவி ஹுவான் பெர்மூதோ 1555-இல் ஓசூனாவில் வெளியிட்ட பெருநூல் அக்காலக் கிட்டாரை விளக்குகிறது. அன்று அதற்கு நான்கே தந்தி வரிசைகள். முதலிரண்டுக்கும் கடையிரண்டுக்கும் இடையே ச–ம என்னும் சுத்த மத்திம உறவு. நடு இரண்டுக்கும் இடையே மட்டும் ச–க என்னும் அந்தர காந்தார உறவு. 1600-ஐ ஒட்டி ஐந்து வரிசையுடைய கிட்டார் ‘ஸ்பானியக் கிட்டார்’ எனப் பெயர் பெற்றுவிட்டது. சாலமங்காவில் இறையியல் பயின்ற காஸ்பார் சான்ஸ் 1674-இல் சரகோசாவில் வெளியிட்ட பயிற்சி நூல் இவ்வகைக் கருவிக்குரியதே. ஆறாம் தந்தி பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில்தான் நிலைபெற்றது. இத்தனை மாற்றத்துக்குப் பின்னும் பெர்மூதோ காலத்துக் காந்தார உறவு மறையவில்லை. இன்றைய கிட்டாரின் மூன்றாம், இரண்டாம் தந்திகளுக்கிடையே அது அப்படியே உள்ளது. மாணவரின் இடர்ப்பாட்டில் பெரும்பங்கு அவ்விடத்திலிருந்தே பிறக்கிறது.

சிறு கணக்கு ஒன்றை வாசக அன்பர்கள் பொறுத்தருள வேண்டுகிறோம். தூய மத்திமத்தின் விகிதம் 4/3. தூய அந்தர காந்தாரத்தின் விகிதம் 5/4. ஆறாம் தந்தியிலிருந்து முதல் தந்திவரை ஏறினால் நான்கு மத்திமங்களும் ஒரு காந்தாரமும் வருகின்றன. இவற்றைப் பெருக்கினால் கிடைப்பது 320/81. ஆனால் ஆறாம் தந்தியும் முதல் தந்தியும் ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயி இடைவெளியில் ஒலிக்க வேண்டியவை. அதற்குத் தேவையானது 4, அதாவது 324/81. ஒவ்வோர் இணையையும் குற்றமின்றிச் சேர்த்துக்கொண்டு வந்தவருக்கு, முடிவில் 81/80 என்னும் அளவு குறைகிறது! இன்றைய கிட்டாரில் ஆறாம் தந்தி விநாடிக்கு 82.4 முறை அதிர்வது. அதன்மேல் தூய இடைவெளிகளை அடுக்கினால் முதல் தந்தி 329.6-க்கு மாறாக 325.6-இல் நின்றுவிடும். இரண்டையும் சேர்த்து மீட்டினால் விநாடிக்கு நான்கு விம்மல்கள் கேட்கும். பரதர் கூறும் பிரமாண சுருதிக்கு இக்கால ஆய்வாளர் பலர் தரும் அளவும் இதே 81/80 என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. ஆக, பிழை செவியில் இல்லை. எண்களின் இயல்பிலேயே உள்ளது. செவி எவ்வளவு கூர்மையானதோ அவ்வளவு தெளிவாக அக்குறை புலப்படும்.

குறையை நீக்க இயலாது, பங்கிடத்தான் இயலும். வானியலறிஞர் கலிலேயோவின் தந்தையான வின்சென்ஸோ கலிலேயி லூட் வல்லுநர். 1581-இல் வெளிவந்த தம் உரையாடல் நூலில், மெட்டுகளைப் பதிக்க அவர் ஒரு விதி தந்தார்: எஞ்சியுள்ள தந்தி நீளத்தில் பதினெட்டில் ஒரு பங்கைக் கழித்து அடுத்த மெட்டை வைத்துக்கொண்டே செல்க. பன்னிரண்டு மெட்டுகளுக்குப் பின் தந்தி சரிபாதியாக வேண்டும், இவ்விதிப்படி 0.5036 பங்கு எஞ்சுகிறது. 65 சென்டிமீட்டர் தந்தியில் இது இரண்டரை மில்லிமீட்டருக்கும் குறைவான வேறுபாடு. தந்தியை விரலால் அழுத்தும்போது இழுவிசை கூடிச் சுருதி சற்றே ஏறுவதால், இச்சிறு குறையும் பெரிதும் ஈடாகிவிடுகிறது. சீனத்து மிங் அரசகுலத்தவரான சூ சைய்யூ 1584-இல் இரண்டின் பன்னிரண்டாம் மூலத்தை நுட்பமாகக் கணித்தார். ஆயினும் கைவினைஞனின் அளவுகோலுக்கு எளிதில் அடங்கியது கலிலேயியின் விதியே. ஐந்தாம் மெட்டை அழுத்தி அடுத்த தந்தியை அதனோடு ஒப்பிடுக, மூன்றாம் தந்திக்கு மட்டும் நான்காம் மெட்டு என்று இன்றும் தொடக்க மாணவருக்குச் சொல்லித்தரும் முறை உண்டல்லவா? அதனைக் குழந்தை விளையாட்டென இகழ்வோர் உளர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. குறையை முன்னரே பங்கிட்டுவிட்ட மெட்டுகளைச் சாட்சியாக வைத்துச் சேர்ப்பதால், தூய இடைவெளிகளை அடுக்குபவரைவிட இவர் சரியான இடத்துக்கு அருகில் வந்து சேர்கிறார்.

பொதுச் சுருதியின் கதை வேறு. இசைக்கவையை 1711-இல் உருவாக்கியவர் ஜான் ஷோர் என்னும் ஆங்கிலேயர். எக்காளம் ஊதுபவர், லூட்டும் வாசித்தவர். ஆயினும் ஊருக்கு ஊர் கவை வேறுபட்டது. ஹேண்டலுக்கு உரியதென்று போற்றப்படும் கவை 422.5 அதிர்வுகளைத் தருவது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இசையரங்குகள் ஒலியின் மினுக்கை நாடிச் சுருதியை ஏற்றிக்கொண்டே சென்றன, துன்புற்றவர்கள் பாடகர்கள். ரொஸ்ஸீனி, பெர்லியோஸ் முதலியோரும் இயற்பியலறிஞர் லிஸ்ஸாஷூவும் இடம்பெற்ற குழுவின் அறிக்கையை ஏற்று, பிரெஞ்சு அரசு 1859-இல் 435 என வரையறுத்தது. 1885-இல் வியன்னா மாநாடு அதனை ஏற்றது. முதல் உலகப்போரை முடித்த 1919-ஆம் ஆண்டு வெர்சாய் உடன்படிக்கையின் 282-ஆம் பிரிவிலும் இச்சுருதி ஒப்பந்தம் இடம்பெற்றது என்றால் வியப்பாகவே இருக்கிறது. 1939-இல் லண்டன் மாநாடு 440 என உயர்த்தியது. 1955-இல் அனைத்துலகத் தரநிர்ணய அமைப்பு அதனைப் பரிந்துரைத்தது. கிட்டாரின் ஐந்தாம் தந்தி 110, அதாவது இதில் சரியாகக் காற்பங்கு.

இரண்டாம் உலகப்போரை அடுத்த ஆண்டுகளில் குடல்நரம்பின் இடத்தை நைலான் பிடித்தது. 1975-இல் ஜப்பானின் கோர்க் நிறுவனம் கையடக்கமான மின்னணுச் சுருதிமானியை வெளியிட்டது. அதன் முள் ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியே அளந்து, பங்கிட்ட சுருதியில் நிறுத்திவிடுகிறது. நேரம் மிச்சமாகிறது, ஆனால் 81/80 எங்கும் போய்விடவில்லை. முள் நடுவில் நின்றபின் ‘ஈ மேஜர்’ என்னும் சுரக்கூட்டை மீட்டிப் பாருங்கள்: மூன்றாம் தந்தியின் காந்தாரம் சற்றுக் கூர்மையாக உறுத்தும். செவியுள்ளவர் அத்தந்தியை மயிரிழை தளர்த்துவார்; கூட்டு இனிக்கும். அடுத்து ‘சி மேஜர்’ கூட்டை மீட்டியதும் அதே தந்தி தாழ்ந்து ஒலிக்கும். கை மீண்டும் முறுக்காணிக்குப் போகும்.